கேரியர் இல்லாத சைக்கிள்

சைக்கிள் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார்களுக்கு,

முதலில் நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் பேசச் சொன்னால் எச்சிலை விழுங்கிக்கொண்டு நிற்பேன். பண்டாரவளைச் சைக்கிள் கடையில் வேலை செய்த காலத்திலும், யாராவது வாடிக்கையாளர் வந்தால் சக்கரத்துக்கு மறுபக்கம் போய்க் குனிந்துகொள்வேன். கம்பிகளுக்கு நடுவில் பார்த்துப் பேசுவது எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது. அப்படிப்பட்டவன் உங்களுக்கு எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பதுளையில் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் விடவில்லை. "செஞ்சத எழுத வெக்கமா இருந்தா, பயந்ததயாச்சும் எழுதுங்கண்ணே" என்றார். அது எனக்குச் சரியாகப் பட்டது. பயந்ததைப் பற்றி எழுத என்னிடம் நிறைய இருக்கிறது.

இப்போது உங்களுக்குக் கியர் சைக்கிள் பெட்டியில் வருகிறது. பெட்டியைப் பிரித்துப் பூட்டினால் போதும். நான் சொல்லப்போவது பேக்கரிப் பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்ற காலம். வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராது. ஒரு பெடல் உடைந்தால், அதே பெடலோடு செத்துப்போன இன்னொரு சைக்கிளைத் தேட வேண்டும். எங்கள் முஸ்லிம் முதலாளியை ஊரில் எல்லோரும், அண்ணன் என்பது போல, நானா என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எதைக் கேட்டாலும் நானா முதலில் சொல்வது, "சாமான் எங்க ஈக்கி?" என்பதுதான். இருக்கிறது என்பது அவர் வாயில் ஈக்கி.

அந்தக் காலத்தில் ஒருநாள் பெரகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் கடைக்கு வந்தார். தோட்டத்து லயத்து வீடுகளில் இருக்கும் ஆட்கள் அவரை டாக்டரையா என்பார்கள். கனத்த உடம்பு, சின்னக் குரல்.

"சும்மா போறதுக்கு ஒரு சைக்கிள் செஞ்சு தரணும்" என்றார்.

"சும்மாண்டா எங்க போற?" என்று நானா கேட்டார்.

"எங்கயும் இல்ல. போயிட்டுத் திரும்பி வாறதுக்கு."

நானா என்னைப் பார்த்தார். நான் கம்பிகளுக்கு நடுவில் அவரைப் பார்த்தேன். எங்கள் கடையில் அதுவரை செய்த சைக்கிள் எல்லாம் எதையாவது சுமக்கிற சைக்கிள். பாண் பெட்டி, மரக்கறி மூட்டை, பால் கேன், தந்திக்காரரின் பை. எதையும் சுமக்காமல் போய் வருவதற்கு யாரும் சைக்கிள் கேட்டதில்லை.

விஷயம் இதுதான். அவருக்கு நெஞ்சுவலி ஒருமுறை வந்துவிட்டுப் போயிருந்தது. உடம்புக்கு வேலை கொடுக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும், ஓட மட்டும் கூடாது என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

"நடக்கலாந்தான். ஆனா தோட்டத்துல நான் நடக்கப் போனா, ஆளாளுக்கு முன்னால வந்து நாக்க நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. ஒரு முடுக்கு தாண்ட முடியல. சைக்கிள்ல போனா பிடிக்க முடியாதுல்ல?"

நானா சிரித்துவிட்டார். வேலையை எடுத்துக்கொண்டோம்.

இரண்டு மாதத்துக்கு மேல் திட்டம்தான் போட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வருவார். அவருடைய கால் நீளம், கை நீளம் எல்லாம் எடுத்தேன். அவர் பார்க்காத நேரத்தில் அவருடைய மூச்சையும் பார்த்துக்கொண்டேன். ஒரு பழைய சைக்கிளைத் தூக்கி மாட்டி, பின் டயரில் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மிதிக்கச் சொல்வேன். மிதித்துக்கொண்டே தோட்டத்துக் கதை சொல்ல வேண்டும். எந்த இடத்தில் கதை நின்று மூச்சு மட்டும் வருகிறதோ, அந்த அழுத்தம் அவருக்குக் கூடாது. அதை வைத்துத்தான் முன் பல்சக்கரம் எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். தம்பிமார்களே, இப்போதும் இதைச் செய்து பாருங்கள். ஆளைக் கேட்டால் "முடியும்" என்றுதான் சொல்வான். கதை சொல்லச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும்.

ஒருநாள் நானா தொழுகைக்குப் போயிருந்தபோது, மிதிப்பதை நிறுத்திவிட்டு அவர் தணிந்த குரலில் சொன்னார்:

"தம்பி, இன்னொரு தடவ வந்துச்சின்னா நான் இருக்க மாட்டேன். எத்தன பேர இந்தக் கையால பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? ராத்திரி படுத்தா நெஞ்சத் தொட்டுத் தொட்டுப் பாக்கிறேன். வீட்ல சொல்லிறாதீங்க."

நான் தலையை ஆட்டினேன். அன்றிலிருந்து அவருடைய சைக்கிள் வேலையைத் தொட்டாலே எனக்கும் பயம் வந்தது.

ஊருக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரச் சின்னதொரை ஒருவர் விட்டுப்போன பந்தயச் சைக்கிளின் ஃபிரேமும் சக்கரங்களும் தோட்டத்து ஸ்டோரில் கிடந்தன. டிஸ்பென்சர் கேட்டு வாங்கி வந்தார். ஒரு விரலால் தூக்கலாம், அவ்வளவு லேசு. சக்கரத்துக்கு மேலே மூடும் மட்காட் போடவில்லை. கேரியர் போடவில்லை. ஏறும்போது ஒரு இறாத்தல் பாரமும் வீண் என்று பார்த்துப் பார்த்துக் கழித்தோம். பிரேக் கட்டை மட்டும் கிடைக்கவில்லை. லொறி டயரில் வெட்டிப் போட்டோம், அந்த அலுமினிய ரிம்மில் வழுக்கியது. கடைசியில் நானா தேயிலை ஃபேக்டரி மெஷினில் ஓடும் பெல்ட்டில் ஒரு துண்டு கொண்டுவந்தார். துணியும் றப்பரும் சேர்த்து அழுத்திய பெல்ட். அதில் வெட்டிய கட்டை, பிடித்தால் பிடித்த இடத்தில் நின்றது. ஸ்டேஷன் சரிவில் நானாவே ஓட்டிப் பார்த்துவிட்டு, "கொழும்புலயும் இப்பிடி பிரேக் இல்ல" என்றார்.

எல்லாம் முடிகிற சமயத்தில் டிஸ்பென்சரின் மனைவியும் ஒருநாள் அவரோடு வந்தார். கடை வாசலில் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு, நாங்கள் மூன்று பேரும் பல்சக்கரத்தைப் பற்றிப் பேசுவதை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"ஏறுறதப் பத்தியே பேசுறீங்க. எறங்குறதப் பத்தி ஒருத்தரும் பேசக் காணோமே?"

"எறங்க என்ன ஈக்கி தங்கச்சி, அது தானா எறங்கும்" என்றார் நானா.

டிஸ்பென்சரும் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. டிஸ்பென்சரின் வீடு பெரகலவில். அங்கேயிருந்து மேலே அப்புத்தளைப் பக்கம் ஏறிப் போய்விட்டு, அதே பாதையில் இறங்கி வீட்டுக்கு வருவதுதான் அவருடைய திட்டம். அந்தப் பாதையை உங்களில் பலர் பஸ்ஸில் போய்ப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் மலை. மறுபக்கம் ஒன்றுமில்லை, கீழே வெகுதூரத்தில் சமவெளி தெரியும். மூடுபனி வந்தால் அதுவும் தெரியாது. அதில் களைத்துப்போன ஒரு மனிதர், களைத்த கைகளோடு இறங்க வேண்டும்.

இங்கே எங்கள் கடையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் அங்கே பெரிய பாஸ் என்று நாங்கள் கூப்பிட்ட தலைமை மேஸ்திரி ஒருவர் இருந்தார். நான் சேர்ந்து கொஞ்சக் காலத்தில் அவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார். அவர் வைத்த வழக்கம் அது. எந்தச் சைக்கிள் செய்தாலும், அது சுமக்கப்போகும் பாரத்துக்குச் சமமாக மணல் மூட்டையைக் கேரியரில் கட்டி, செய்தவனே ஒரு நீண்ட இறக்கத்தில் இறங்கிக் காட்ட வேண்டும். பிறகுதான் சைக்கிள் வாசலைத் தாண்டும். ஏன் என்று கேட்டதற்கு, "நீ எறங்காத சைக்கிள்ல அவன எறங்கச் சொல்ல ஒனக்கு என்ன ரைட் இருக்கு?" என்றார், அவ்வளவுதான். நாங்கள் எல்லோரும் அதைச் செய்துவந்தோம்.

இந்தச் சைக்கிளுக்கு மட்டும் செய்யவில்லை. யாரும் வேண்டுமென்று விடவில்லை. சுமக்காத சைக்கிளுக்கு என்ன பாரம்? மூட்டை கட்டக் கேரியரும் இல்லை. அந்த வழக்கம் இதற்குப் பொருந்தாது என்று எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றிவிட்டது. எனக்கு மட்டும் பயம் போகவில்லை. எதற்குப் பயப்படுகிறேன் என்றும் தெரியவில்லை. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

சைக்கிளை எடுத்துப்போகிற ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே தோட்டத்து லொறி வந்து நின்றது. டிஸ்பென்சர் புதுச் சப்பாத்தோடு வந்தார். சைக்கிளை அப்புத்தளை வரைக்கும் லொறியில் ஏற்றிப்போய், அங்கிருந்து பெரகலச் சந்தி வரைக்கும் தானே ஓட்டி இறங்குவதாகச் சொன்னார். சந்தியில் ஆட்கள் பார்க்க வேண்டும் என்ற ஆசை முகத்தில் தெரிந்தது. அவர் மனைவி லொறிக்குள் முன் ஸீட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் துளசி மாலை ஒன்று இருந்தது, சைக்கிளுக்குப் போட.

"குடுங்க தம்பி" என்று டிஸ்பென்சர் கை நீட்டினார்.

என் கை ஹேண்டிலை விடவில்லை. அப்போதுதான் எனக்கே விளங்கியது. கேரியரைப் பார்த்துத்தான் எங்களுக்குப் பாரம் ஞாபகம் வரும். இந்தச் சைக்கிளின் பாரம் சீட்டில் உட்காரப்போகிறது.

"ஐயா..." என்றேன். "பாரம் வச்சு எறக்கிப் பாக்கல்லங்க."

"கேரியர் இல்லாத சைக்கிள்ல பாரத்த எங்க வெக்கிற? ஒன்ட தலையிலயா?" என்று நானா அதட்டினார்.

"முதுகுல" என்றேன்.

டிஸ்பென்சருடைய முகம் மாறிவிட்டது. "என்ன தம்பி, நான் ஓட்ட மாட்டேன்னு நெனக்கிறீங்களா? சீக்காளின்னுதானே?"

நான் ஹேண்டிலை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவர் என் கையை ஹேண்டிலில் இருந்து எடுத்துவிடவும் கூடும். அப்போது லொறிக்குள்ளிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது.

"தம்பியே மொதல்ல ஓட்டட்டுங்க. ஒங்களுக்கு நாளைக்கும் ரோட்டு அங்கதான் இருக்கும்."

பக்கத்துக் கடை உருளைக்கிழங்கு வியாபாரியின் தராசில் டிஸ்பென்சரை ஏறச் சொன்னோம். கோபத்தோடுதான் ஏறினார். வியாபாரி படிக்கல்லை நகர்த்திக்கொண்டே, "எங்ககிட்ட மண்ணு கழிச்சுத்தான் எடை போடுறது ஐயா, சப்பாத்தக் கழட்டுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். பிறகு நான் ஏறினேன். நான் அப்போது ஒல்லிக்குச்சி. அவருடைய எடை வரும்வரை மீதிக்கு மணல் போட்டார்கள். போட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த மூட்டையைக் கொழுந்துக் கூடை மாதிரி என் முதுகில் வைத்துக் கயிற்றால் மார்போடு கட்டியபோது, நானா சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"வேணாம் மகன். ஒண்ணும் ஆகாது, ஆனா வேணாம்" என்றார். பிறகு, "அல்லாட காவல்" என்றார்.

அப்புத்தளையில் என்னை இறக்கிவிட்டு லொறி பின்னால் வந்தது. மூடுபனி பாதையில் பாதியை மூடியிருந்தது.

முதல் இரண்டு வளைவுகளில் பிரேக் நன்றாகப் பிடித்தது. வீணாகப் பயந்தோமோ என்று நினைத்தேன். மூன்றாவது வளைவிலும் பிடித்தது. அதற்குப் பிறகு ஒரு வாடை வந்தது. லயத்தில் பிறந்தவனுக்கு அந்த வாடை தெரியும். ஃபேக்டரியில் பெல்ட் நழுவிச் சுற்றும்போது வருகிற தீய்ந்த வாடை. பிரேக் பிடியை இன்னும் அழுத்தினேன். பிடி ஹேண்டிலைத் தொட்டது. சைக்கிள் மட்டும் மெதுவாகவில்லை.

தம்பிமார்களே, இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இத்தனையும் எழுதினேன். பிரேக் போனால் கை அதை நம்பாது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் பிடிக்கும், அடுத்த வளைவில் பிடிக்கும் என்று அழுத்திக்கொண்டே இருக்கும். என் கையும் அப்படித்தான் செய்தது. முதுகில் மூட்டை ஒரு ஆள் ஏறி உட்கார்ந்து தள்ளுவது போலத் தள்ளியது. காற்றில் கண் நீரால் நிறைந்தது. கீழேயிருந்து பஸ் ஹோர்ன் சத்தம் கேட்டது. பஸ் எந்த வளைவில் இருக்கிறது என்று பனியில் தெரியவில்லை. டிஸ்பென்சர் இந்தச் சீட்டில் உட்கார்ந்திருந்தால், அவருடைய நெஞ்சு இப்போது என்ன செய்யும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததும் என் கை பிரேக்கை விட்டுவிட்டது. விட்டால்தான் வேறு வேலை செய்ய முடியும்.

மட்காட் இல்லாததால், செருப்புக் காலைப் பின்னால் கொண்டுபோய் டயரில் அழுத்தினேன். வேகம் சற்றுக் குறைந்தது. செருப்பு கழன்று பறந்தது. வெறுங்காலை வைத்தேன், தோல் எரிந்தது. மலைப் பக்கத்தில் எங்கோ மழைக்குச் சரிந்த மண்ணை வாரிக் குவித்து வைத்திருப்பார்கள், எப்போதும் இருக்கும். அதை மட்டும் தேடினேன். கண்ணில் பட்டது. நல்ல மண்ணா, கல் கலந்ததா என்று பார்க்க நேரமில்லை. இதை விட்டால் அடுத்தது கிடைக்குமா என்றும் யோசிக்கவில்லை. பஸ் வளைவில் முகத்தைக் காட்டிய அதே நேரத்தில் ஹேண்டிலை மலைப் பக்கம் திருப்பிவிட்டேன்.

சக்கரம் மண்ணில் புதைந்தது. மூட்டை என்னை முன்னால் தூக்கி எறிந்தது. தோளில் ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பஸ் என் காலடியை உரசுவது போலப் போய் நின்றது.

கிடந்தபடியே மேலே பார்த்தேன். லொறி நிற்பதற்கு முன்பே டிஸ்பென்சர் குதித்து இறங்கி, அந்தச் சரிவில் ஓடி வந்துகொண்டிருந்தார். ஓடக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லப்பட்ட மனிதர். பின்னால் அவர் மனைவி, "ஓடாதீங்க! ஐயோ, ஓடாதீங்க!" என்று கத்திக்கொண்டு அவரும் ஓடினார். அன்று எனக்கு வந்த பயங்களிலெல்லாம் பெரிய பயம் அதுதான். தோள் வலி தெரியவில்லை. இந்த மனிதர் இங்கே வந்து விழுந்துவிட்டால், நான் எதற்காக இறங்கினேன்?

"நில்லுங்கையா! நடந்து வாங்க!" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு உரக்கக் கத்தியது அந்த ஒரு தடவைதான்.

அவர் நிற்கவில்லை. வந்து என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. மூச்சு விசில் போல வந்தது. ஆனாலும் கை தன்பாட்டில் வேலை செய்தது. என் கயிற்றை அவிழ்த்தது, தோளைத் தடவியது, மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தது. அவர் மனைவி வந்தார். அவருடைய இன்னொரு கையைப் பிடித்து, புருஷனிடம் பார்த்துப் பழகிய மாதிரியே அவருடைய நாடியைப் பார்த்தார். பஸ் ஆட்கள் எல்லோரும் இறங்கிச் சுற்றி நின்றார்கள். நாங்கள் மூன்று பேரும் கையைக் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மண்ணில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

அவருடைய முகத்துக்கு நிறம் திரும்பி வருவதை நான் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தேன்.

"எனக்கும் தம்பிக்கும் ஒரே வேகத்துல அடிக்குது" என்றார்.

"அப்ப ரெண்டு பேரும் ஒரே லொறியில ஏறுங்க" என்றார் அந்த அம்மா. அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.

லொறியில் ஏறுமுன் டிஸ்பென்சர் சைக்கிளைப் போய்ப் பார்த்தார். பிரேக் கட்டையை விரலால் தடவினார். சூட்டில் அது கண்ணாடி போல வழுவழுவென்று ஆகியிருந்தது.

"நான் ஓட்டியிருந்தா பிரேக்க விட்டிருக்க மாட்டேன் தம்பி" என்றார். "கடைசி வரைக்கும் புடிச்சிக்கிட்டே போயிருப்பேன்."

அந்தத் தோள் பிறகு சரியாகக் கூடவில்லை. ஓய்வு வயது வருமுன்பே நான் வேலையை விட்டதற்கு அதுதான் காரணம். சைக்கிளைக் கையால் தூக்கி மாட்ட முடியாதவன் அந்தக் கடையில் என்ன செய்வது? அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. டிஸ்பென்சர், பிரேக்குக்கு நல்ல றப்பர் கிடைத்த பிறகு, அந்தச் சைக்கிளைப் பல வருடம் ஓட்டினார். இறங்கும்போது பாதி வழி தள்ளிக்கொண்டுதான் வருவார் என்று கேள்விப்பட்டேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு வேலையை முடித்துக் கொடுக்கும்போது வயிற்றில் பயம் இருந்தால், அதை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். எதைப் பார்த்துப் பயம் என்று அந்த நேரத்தில் தெரியாமல் இருக்கலாம். தெரிகிற வரைக்கும் கையை ஹேண்டிலில் இருந்து எடுக்காதீர்கள்.

நான் விழுந்த மறுநாள் திங்கட்கிழமை. நான் ஒரு கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். நானா ஒரு மணல் மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார். லொறியில் திரும்பி வந்திருந்த அந்தச் சைக்கிளை எடுத்து, அதற்கு ஒரு கேரியர் பூட்டினார்.